குழாயடிக் கங்காதரன்

எங்கள் தெருவில் கங்காதரன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். குழாயடிக் கங்காதரன் என்றால் சின்னக் குழந்தையும் கைகாட்டும். கேட்டைத் திறந்ததும் இடது பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. அதில் கால் கழுவாமல் அந்த வீட்டுக்குள் காற்றுகூட நுழைய முடியாது. நான் எதிர்வீட்டு ஹேமாவதி. தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். நிமிர்ந்தால் அந்தக் குழாய்தான் தெரியும். இதைவிட நல்ல வேடிக்கை எனக்கு வேறு கிடைக்கவில்லை.

மனிதர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் எட்டுத் தறி வைத்து லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறிகளை விற்றுவிட்டுத் திருத்தணிக்கு வந்து வீடு கட்டினார். வீட்டைக் கட்டினார் என்பதைவிடத் தரையைக் கட்டினார் என்பது சரி. சுவரும் கூரையும் அந்தத் தரைக்கு வெயில் மழை படாமல் இருக்கப் போட்டவை. பால் வெள்ளை டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பசுவின் குளம்பையே சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே விட்டார். பசு உள்ளே போய் நடு ஹாலில் தன் கடமையைச் செய்தது. ஐயர் மங்களம் என்றார், இவர் வாளி எடுக்க ஓடினார்.

கழுவிய கால்களிலும் அவருக்குத் தராதரம் உண்டு. சொந்தக்காரர்களின் கால் ஹாலுக்குப் போகும். தறியில் வேலை செய்தவர்களின் கால், எத்தனை முறை கழுவினாலும், வராந்தாவோடு நின்றுவிடும். என் வீட்டுக்காரர் அவரிடம் தறி ஓட்டியவர். ஆகவே நானும் வராந்தா. அவர் மனைவி புஷ்பலதாவுக்கு ரவிக்கை தைத்து எடுத்துக்கொண்டு போவேன், கால் கழுவுவேன், வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து வியர்ப்பேன். அந்த வீட்டில் ஃபேன் ஹாலில்தான் சுற்றும், வராந்தாவில் கிடையாது. தெருத்தூசி எல்லாம் ஒரே தூசிதான். யார் காலில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அதற்கு எடை கூடிவிடுகிறது.

மகள் சௌமியாவைப் பெண் பார்க்கப் புத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பெரிய மனிதர், ஷூ போட்டிருந்தார். கங்காதரன் பணிவாகக் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். பெரியப்பா குழாயைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"நாங்க பொண்ணு பாக்க வந்தமா, கால் கழுவ வந்தமா?" என்று கேட்டுவிட்டு, வந்த வேனிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கேசரி கிளறி வைத்தது கிளறி வைத்தபடி இருந்தது. அன்று தெருவில் எல்லோர் வீட்டிலும் கேசரி.

அடுத்து வரும் சம்பந்தத்துக்குச் சௌமியா காத்திருக்கவில்லை. அருள்முருகன் என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையனுக்கு ரயில்வேயில் வேலை, ஊர் மணவூர். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள். செய்தி வந்த அன்று கங்காதரன் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அந்தக் கால் எங்க வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். குழாயில் கழுவினால் போகிற அழுக்கு வேறு, இது வேறு என்று நினைத்தார்போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கை கோணிப்போனது. பிரித்துத் தைத்தேன்.

சௌமியா போகும்போது விட்டுப்போனது ஒன்றே ஒன்று. பூரி. கல்லூரிக் காலத்தில் அவள் குட்டியாகத் தூக்கி வந்த நாய், பாதி லாப்ரடார், பாதி எங்கள் தெரு. அரக்கோணத்தில் அவர்களுக்குக் கிடைத்த வாடகை வீட்டில் நாய் கூடாதாம். கங்காதரனும் கூடாது என்றுதான் ஆரம்பித்தார். ஆயுளில் எதிர்த்துப் பேசாத புஷ்பலதா அன்று பேசினாள்.

"சௌமியா நைனா, அது போச்சின்னா நானும் அது பின்னாடியே போறேன்."

அதோடு விவகாரம் முடிந்தது. அப்புறம் நாயின் காலும் குழாயடிக்கு வந்து சேர்ந்தது.

விடிந்ததும் பூரியைக் கூட்டிக்கொண்டு மலைப் படிக்கட்டு இருக்கிற தெரு வரை நடப்பார். அங்கே ரோட்டில் இல்லாதது இல்லை. சூறைத்தேங்காய்ச் சில்லு, கற்பூரக் கரி, குங்குமம் அப்பிய திருஷ்டிப் பூசணி, மொட்டைத் தலையிலிருந்து வழிந்த சந்தனம். பூரி எதையும் விடாமல் மிதித்துக்கொண்டு திரும்பும். கங்காதரன் முக்காலியைப் போட்டு உட்கார்வார், பேசின் வைப்பார், தோளில் துண்டு. "குடு" என்பார். பூரி ஒரு காலைக் கொடுக்கும். "அடுத்தது" என்பார். அடுத்ததைக் கொடுக்கும். ஹாலுக்குப் போகத் தகுதி பெற்ற அந்தக் கால்களை நான் வராந்தாவிலிருந்து நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

கீரைக்காரி கௌரியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னாள், அவருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். "மாப்பிள்ளைக்குப் பண்ண வேண்டிய பாத பூஜைய நாய்க்குப் பண்ணிக்கினு கீறாரு பாரேன்."

கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான். கங்காதரனுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை, வாய்க்க விடவில்லை. அவர் காதில் விழாத மாதிரி குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டார்.

தண்ணீர் மட்டும் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தரை துடைக்கிற பினாயிலில் ஒரு மூடி பேசினில் ஊற்ற ஆரம்பித்தார். தரைக்கு நல்லது, தரையை மிதிக்கிற காலுக்கும் நல்லதுதானே. கழுவிவிட்டுத் துண்டால் மேலே ஒரு தட்டு தட்டி உள்ளே அனுப்புவார். விரல் சந்தில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஆடி பிறந்தபோது பூரி உட்கார்ந்த இடத்தில் காலை நக்கிக்கொண்டே இருந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, ஒரு வாடை. நொண்ட ஆரம்பித்தது. மலையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்துத் தடவிப் பார்த்தார். முருகன் பிரசாதம் என்று பூரி அதையும் நக்கிவிட்டது.

இந்த நேரம் பார்த்து வீடியோ கால். சௌமியா அம்மாவுக்குத்தான் போன் பண்ணுவாள், பூரியைக் காட்டச் சொல்வாள். அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டாள். கங்காதரன் போனுக்குப் பின்னால், படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மகள் குரல் அவருக்குக் கிடைக்கிற ஒரே வழி அந்த நாய்தான். அன்றைக்குச் சௌமியா, "இன்னாம்மா அது, காலைக் கடிச்சிக்கினே கீது? கிட்ட காட்டு" என்றாள். ஒரு கை நீண்டு வந்து பூரியின் பாதத்தைத் திருப்பிக் காட்டியது.

"அது யார் கைம்மா?"

"எதிர் வூட்டு ஹேமா கைடி" என்றாளாம் புஷ்பலதா. விரலெல்லாம் முடி முளைத்து, முருகன் மோதிரம் போட்ட அந்தக் கை என்னுடையதாம்.

சௌமியாவுக்குக் கண் இருக்கிறது. கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இவ்ளோ செவந்து கீது, உங்களால பாத்துக்க முடியலன்னா வுடுங்க. வீடு மாத்திட்டோம், இங்க நாய் வெச்சிக்கலாம். ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வந்து தூக்கிக்கினு போறோம்" என்றாள்.

மறுநாளே கங்காதரன் பூரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா தீபா பேசின் சமாச்சாரத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, வைதாள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். வெறும் தண்ணீரில் கழுவணும், விரல் சந்துக்குள் துணியை விட்டு ஈரமில்லாமல் துடைக்கணும், களிம்பு போடணும், ஃபேன் காற்றில் காயவிடணும், பினாயில் பக்கமே போகக் கூடாது. அன்றிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துடைப்பதைப் பார்த்தேன். தறியில் அறுந்த இழையைத் தேடுகிறவர்கள் இப்படித்தான் குனிவார்கள். நொண்டல் நின்றது, சிவப்பும் குறைந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவது நிற்கவில்லை. மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று புஷ்பலதா சொன்னாள். நாய் போய்விட்டால் வீட்டுக்கு போன் எதற்கு வரும்? அவர் பயம் அதுதான். சிரித்துக்கொண்டிருந்த எனக்கே அப்போது பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்து தெரு சேறாகிவிட்டது. பைக் சத்தம் கேட்டதும் பூரி கேட்டை முட்டித் திறந்துகொண்டு ஓடி, சௌமியாவைச் சுற்றிச் சுற்றி வந்து, சேறு மொத்தத்தையும் வாரிக்கொண்டது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீடுகளிலும் ஒரு சத்தம் இல்லை.

கங்காதரன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகளைப் பார்க்கவும் முடியாது, மருமகனைப் பார்க்கவும் முடியாது, தலையைக் குனிந்துகொள்ள நாய்க் கால் நாலு கிடைத்தது. சௌமியா காலைக் கழுவிக்கொண்டு, "நைனா" என்றுகூடச் சொல்லாமல், அம்மாவிடம் உள்ளே போனாள். இவர் பூரியின் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அருள்முருகன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவனுக்குக் குழாயின் சட்டம் தெரிந்திருக்கும். கழுவினான். கழுவிவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். பூரியின் நாலாவது கால் முடிந்தது. அது துள்ளிக்கொண்டு ஹாலுக்குள் போனது. கங்காதரன் நிமிரவில்லை. குனிந்த கண்ணுக்கு எதிரே, படியில், ஈரம் சொட்டுகிற ஒரு கால்.

"குடு" என்றார். பழக்க தோஷம். கை போய்ப் பிடித்துவிட்டது.

"ஐயோ, மாமா, வேணாங்க" என்று பையன் காலை இழுத்தான்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தான் பிடித்திருப்பது யார் கால் என்று. முகம் போன போக்கை ஜன்னலிலிருந்து பார்த்தேன். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விடவில்லை.

"ஆடாத நில்லுப்பா. சந்துல தண்ணி நின்னா புண்ணாயிடும்" என்றார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தார். "அடுத்தது" என்றார். அதையும் துடைத்தார். துண்டு அதே துண்டுதான், நாய்க்குத் துடைத்தது. முதலில் நாய், அப்புறம்தான் மாப்பிள்ளை, எங்கள் தெருவில் முறை அப்படி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "உள்ள போயி ஃபேனுக்கு அடியில நில்லு. நல்லா காயட்டும்" என்றார்.

பையன் ஹாலுக்குள் போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடவே கோபமும் வந்தது. அந்தத் தரையில் நாலு கால் தாராளமாக நடந்தது, இரண்டு காலுக்கு இத்தனை வருஷம் ஆனது.

பூரியை அவர்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. காலை விரித்துப் பார்த்த சௌமியா, "இங்கயே இருக்கட்டும், நாங்க வந்து வந்து பாத்துக்கினு போறோம்" என்றாளாம். கிளம்பும்போது "வரேன், நைனா" என்றது என் ஜன்னல் வரை கேட்டது.

மறுநாள் புஷ்பலதாவின் ரவிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். குழாயடியில் கால் கழுவினேன். "உக்காரும்மா" என்று கங்காதரன் வராந்தா நாற்காலியைக் காட்டினார். நான் நாற்காலியைத் தாண்டி நடந்து, ஹாலுக்குள் போய், ஃபேனுக்கு அடியில் நின்றேன். பூரி அங்கே மல்லாந்து படுத்துக் கால்களைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா ஹேமா?" என்றார் பின்னாலேயே வந்து.

"கால் காயணும் இல்லீங்களா" என்றேன்.

பால் வெள்ளைத் தரையில் வாசலிலிருந்து நான் நிற்கிற இடம் வரை என் ஈரக் கால்தடம் வரிசையாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. அப்புறம் கையை இறக்கிக்கொண்டார். புஷ்பலதா எனக்குக் காபி எடுத்துவந்தாள். நான் உட்கார்ந்து குடித்தேன்.