குண்டு மேஸ்திரியின் வெள்ளை ரோஜா

அப்பாவைக் கடைசியாக வழியனுப்ப வந்தவர்களில் பலருக்கு அவருடைய பெயர் தெரியாது. "குண்டு மேஸ்திரி வீடு எது?" என்று தெருமுனையில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அப்பா ஒல்லி. கம்பியில் சட்டையை மாட்டியதுபோல் இருப்பார். கொத்து வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் தூக்குக்குண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால் வந்த பெயர் அது. நூலில் தொங்கும் அந்தப் பித்தளைக் குண்டைச் சுவர் ஓரமாக இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சுவர் இம்மி சாய்ந்திருந்தாலும் கலவை காய்வதற்குள் பிரிக்கச் சொல்வார். சித்தாள்கள் முணுமுணுத்துக்கொண்டே பிரிப்பார்கள்.

"வீட்டுக்காரரே ஒண்ணும் சொல்லல மேஸ்திரி. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவரு வீட்டுக்குள்ள இருப்பாரு. நான்தானே தினம் இந்தத் தெரு வழியா போகணும்? கண்ணை உறுத்தாதா?"

வீட்டிலும் அப்படித்தான். காலண்டர் சாய்ந்து தொங்கினால் சாப்பிட உட்கார மாட்டார். அம்மா வேண்டுமென்றே அதைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

அந்த அம்மாதான் ஒரு காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கொடிக்கயிற்றோடு சேர்ந்து சரிந்தாள். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவளாகவே பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பக்கவாட்டு அறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, உள்சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண் அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "ஒரே பக்கமா படுத்திருந்தா உடம்பு இறுகிடும்ங்க. ஜன்னல் பக்கம் திரும்பணும். நாம புரட்டி விடறது பெரிசில்ல. அவங்களா ஆசைப்பட்டுத் திரும்பணும்."

அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பினால் போதும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். படுத்திருப்பவருக்கு ஜன்னல் மிக உயரம் என்று சொல்லி, ஜன்னலைப் பெயர்த்து, சுவரை உடைத்துக் கட்டில் மட்டத்துக்கு இறக்கினார். வீடெல்லாம் தூசி. பூச்சு காய்ந்ததும் அம்மாவைத் திருப்பி உட்கார வைத்து, "இப்ப பாரு" என்றார்.

அம்மா பார்த்தாள். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் பூசாத செங்கல் சுவர்.

"செங்கல்லை எண்ணிட்டுக் கிடக்கவா ஜன்னலை இறக்குனீங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பாவுக்குச் சந்தோஷம். "பேசிட்டா பாத்தியா?" என்று சமையலறையில் வந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நர்சரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். செடி கேட்கப் போனவர் சந்தின் அகலத்தைக் கைகளை விரித்துக் காட்டினார்.

"இந்த எடத்துல எது வச்சாலும் அடைச்சுக்கும் மேஸ்திரி" என்றார் நர்சரிக்காரர். "ஒண்ணு வேணா இருக்கு. கொடி ரோஜாலயே குட்டி ரகம். உங்க சன்ஷேடைத் தாண்டி ஒரு முழம் போகும், அப்புறம் நின்னுக்கும். அக்கம்பக்கம் அடிச்சுப் பிடிச்சுப் பரவாது. காலை வெயில் விழுந்தா போதும்."

"என்ன கலர்?"

"வெள்ளை."

"வெள்ளைதான் வேணும். அந்தச் சந்து இருட்டு. வேற கலர் வச்சா அவ கண்ணுக்குத் தெரியாது."

ஜன்னலுக்கு ஒரு பக்கத்தில், சன்ஷேடு முடிகிற இடத்தில் குழி வெட்டினார். காரை கலந்த மண்ணை முழுக்க அள்ளிவிட்டு நல்ல மண்ணும் மக்கிய எருவும் போட்டார். செடியை நட்டதும் தரையிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை கம்பிகளை இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு கம்பிக்கும் தூக்குக்குண்டு பிடித்தார். குச்சிகள் நீள நீள, கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போனார். ஒரு குச்சி இப்படி அப்படி வளைந்தால் போதும், அவிழ்த்து நிமிர்த்திக் கட்டுவார். எங்கள் ரோஜா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றது.

அடுத்த வருடம் பூத்தது. பூத்ததை எங்களுக்குச் சொன்னவர் அடுத்த வீட்டு டிரைவர் அண்ணன். அவர் வீட்டு மாடிப்படி சந்தைப் பார்த்து இருந்தது.

"மேஸ்திரி, உங்க ரோஜா பிரமாதம்! படியில கால் வச்சா மூஞ்சிக்கு நேரா கொத்துக்கொத்தா நிக்குது. எங்க வீட்ல இப்பல்லாம் டீயையே படியில உக்காந்துதான் குடிக்கிறோம்."

அப்பா வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார். பூவெல்லாம் உச்சியில். சன்ஷேடுக்கு மேலே. ஜன்னல் வழியாகத் தெரிந்தது முள்ளும் தண்டும் மட்டும்.

அம்மா உள்ளே இருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குங்க நியாயம்! எனக்குன்னு வச்சாராம். அந்த அண்ணன் டீ குடிக்கறதுக்குப் பூக்குதாம்."

ஒரு பூவைப் பறித்து டம்ளரில் போட்டுத் தலைமாட்டில் வைத்தார் அப்பா. அம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "வாடிப் போறதைப் பாக்கவா? நான் ஒருத்தி கிடக்கறது போதாதா?"

அன்று அப்பா சாப்பிடவில்லை. நர்சரிக்காரரைக் கேட்டால், வெயில் மேலேதானே இருக்கிறது, பூ மேலேதான் வரும் என்று சொல்லிவிட்டார். அப்பா தன் வழிக்கே வந்தார். உளியும் சுத்தியலும் எடுத்து வைத்து, "சன்ஷேடை உடைச்சுடறேன்" என்றார்.

"அப்புறம் மழை பெஞ்சா? குடை பிடிச்சுட்டுப் படுத்துக்கவா?" என்றாள் அம்மா.

அதனால் மழைக்காலம் முடியட்டும் என்று உளி மூலையில் காத்திருந்தது.

மழை பலத்த காற்றோடு வந்தது. விடிந்து பார்த்தால் இருப்பதிலேயே நீளமான குச்சி, கட்டு அறுந்து, ஜன்னல் கம்பிகளின் குறுக்கே கோணல்மாணலாகச் சாய்ந்து கிடந்தது. அதன் நுனி அம்மாவின் தலைமாட்டை எட்டியிருந்தது. அப்பா சணல் கயிற்றோடு போய் அதைத் தூக்கப் பார்த்தார்.

"என்னங்க, அதை விடுங்க."

"விழுந்து கிடக்குது. நிமிர்த்திக் கட்டிடறேன்."

"நானும்தான் விழுந்து கிடக்கேன். நிமிர்த்திக் கட்டுனீங்களா? அது பாட்டுக்கு இருக்கட்டும். பேச்சுத் துணைக்கு வந்திருக்குன்னு நினைச்சுக்கறேன்."

அப்பா கயிற்றைக் கீழே போட்டார். ஆனால் அவரால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போதுகூட நாற்காலியை ஜன்னல் கண்ணில் படாதபடி போட்டுக்கொண்டார். அந்த நாட்களில் ஜன்னல் பக்கம் முகம் திருப்பாமல் இருந்தது அவர்தான். அம்மா அதைக் கவனித்துவிட்டு, குச்சி காற்றில் ஆடும்போதெல்லாம் தலையை மட்டும் திருப்பிப் பார்த்து, "இப்ப இன்னும் கொஞ்சம் கோணிக்கிச்சுங்க" என்று சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு காலையில் அவள் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் பதறிக்கொண்டு ஓடினோம்.

அம்மா வலக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, தானாகவே புரண்டு, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்திருந்தாள். சாய்ந்து கிடந்த குச்சியின் ஒவ்வொரு கணுவிலும் சின்னச் சின்னக் கிளை கிளம்பியிருந்தது. ஒவ்வொன்றும் மேல்நோக்கி நின்றது. ஒவ்வொன்றின் உச்சியிலும் பச்சைக் கடுகுபோல் ஒரு மொட்டு.

"நிக்க வச்சப்போ உச்சியில மட்டும் பூத்துச்சு" என்றாள் அம்மா. "படுக்க வச்சதும் உடம்பெல்லாம் பூக்குது பாருங்க."

அப்பா மொட்டுகளைப் பார்க்கவில்லை. அவள் திரும்பியிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மொட்டுகள் விரிந்து அம்மாவின் மூக்குக்கு நேராக வெள்ளையாய் நிறைந்தபோது, அப்பா மற்ற குச்சிகளின் கட்டுகளையும் அவிழ்த்தார். ஜன்னலுக்குக் குறுக்கே, அடியில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகப் புதுக் கம்பி இழுத்தார். குச்சிகளை உடையாமல் மெல்ல வளைத்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அவற்றின்மேல் படுக்க வைத்தார். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்தார். எட்டிப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தூக்குக்குண்டு போய் ரசமட்டம் வந்திருந்தது. கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்தாலும் ஒழுங்கா படுக்கணுமா உங்களுக்கு?"

"கண்ணை உறுத்தும்ல."

காற்று சாய்த்துவிட்ட அந்த முதல் குச்சியை மட்டும் அவர் தொடவே இல்லை. அது கோணலாகவே கிடந்தது. நாற்காலியை அதைப் பார்த்துப் போட்டு உட்காரவும் பழகிக்கொண்டார். உளி அதன் பையிலேயே திரும்பப் போயிற்று.

அதற்குப் பிறகு அம்மா உட்கார்ந்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தாள். நாங்கள் பயந்ததெல்லாம் அவளுக்காகத்தான். அப்பாவை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அவரை எடுத்துக்கொண்டு போனபிறகு அம்மா உள்சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கூப்பிட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான். ரோஜா ஒரு முறை பூத்து உதிர்ந்தது. அவள் பார்க்கவில்லை. நானும் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

நேற்று விடுமுறை. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஏய், அடியில இருந்து புதுசா ஒரு குச்சி வந்திருக்கே, பாக்கலியா நீ? அது பாட்டுக்கு மேல போகுது. மறுபடி டிரைவர் அண்ணனுக்குப் பூக்கவா?"

அம்மா இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். எப்போது திரும்பினாளோ தெரியவில்லை.

நான் சந்துக்குப் போய்க் குச்சியை மெல்ல வளைத்தேன். நடுக்கம்பி ஏற்கெனவே நிறைந்திருந்ததால் அதற்கு மேலே இன்னொரு கம்பி இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையைச் சுற்றப் போனபோது அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து, "இரு, இரு. அவரோட ரசமட்டத்தை எடுத்துட்டு வா" என்றாள்.

"எதுக்கும்மா? நீதானே எப்பவும் கிண்டல் பண்ணுவே?"

"கோணலா இருந்தா அவருக்குச் சோறு எறங்காது."

அப்பாவின் பையை நேற்றுதான் திறந்தேன். சிமெண்ட் வாசனை வந்தது. ரசமட்டம் ஒரு பழைய துணியில் சுற்றியிருந்தது. அதைக் கொண்டுவந்து கம்பியின்மேல் வைத்து, அவரைப்போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கம்பியை ஏற்றினேன், இறக்கினேன். என் கைக்கு அது வசப்படவில்லை.

"நடுவுல நிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது."

"எந்தப் பக்கம்?"

"உன் தலைமாட்டுப் பக்கம்."

 அம்மா வலக்கையை நீட்டி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே குச்சியின் நுனியைத் தொட்டாள்.

"அப்ப சரி" என்றாள். "கட்டிடு."