‘ஓம்’ ‘ஆம்’ ஆன கதை

நாளை மறுநாள் அந்தியேட்டி. கல்வெட்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். கோப்பாயில் படிப்பிக்கும் செல்வராணி ரீச்சர், காலமான தகப்பனுக்காகக் கொண்டுவந்த முப்பது கட்டுரைகளும் யுனிகோட்டுக்கு முந்திய பழைய எழுத்துருவில் இருந்தன; அப்படியே அச்சுக்கு எடுக்க முடியாது. மானிப்பாயில் நான் வேலை செய்த அச்சகத்தில் அன்று காலை ஒருவருக்கும் தேத்தண்ணி இறங்கவில்லை.

யுனிகோட்டுக்குக் கையால் மாற்ற நேரமில்லை. டெக்ஸ்ட் எடிட்டரை வெளியிலிருந்து இயக்கி, கோப்புகளைத் தானாகவே திறந்து மாற்றுகிற ஸ்கிரிப்ட் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு எடிட்டரில் ஓ.எல்.ஈ. என்ற வசதி வேண்டும். எங்கள் எடிட்டரில் அது இல்லை. எடிட்டரின் மூல நிரலான சோர்ஸ் கோட்டை இறக்கி, அந்த வசதியோடு ஓடும் எடிட்டராக நானே கம்பைல் பண்ண உட்கார்ந்தேன்.

முதல் தடவை ஓ.எல்.ஈ.க்கு ‘யெஸ்’ போட மறந்தேன்; வசதி இல்லையென்று ஸ்கிரிப்ட் பிழை காட்டியது. இரண்டாம் தடவை போட்டேன். முதல் தடவை உருவான ஒப்ஜெக்ட் கோப்புகளை அழிக்காததால் பாதி பழசும் பாதி புதுசுமாகி, அவற்றை ஒன்றாக இணைத்து லிங்க் பண்ணும்போது பிழை. எல்லாவற்றையும் துடைத்து மூன்றாம் தடவை பண்ணினேன். எடிட்டர் திறந்தது, ஆனால் விண்டோஸுக்குத் தெரியும்படி ரெஜிஸ்டர் பண்ணாததால் ஸ்கிரிப்ட் அதைக் காணவில்லை என்றது. என்மேலேயே எனக்கு எரிச்சல். முதலாளி வேறு பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

ரெஜிஸ்டர் பண்ணியதும் ஓடியது. முப்பது கோப்பும், ஒரு பிழைச் செய்தி இல்லாமல். ரீச்சரை வரச்சொல்லி புரூஃபைக் கொடுத்தோம். முதல் பக்கத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ‘ஆம் நமசிவாய’ என்று இருந்தது.

ஸ்கிரிப்டின் அடியில், பேச்சுச் சொல்லை எழுத்துத் தமிழாக்க நான் முன்பு சேர்த்த பட்டியல் கிடந்தது. அதில், எங்கள் பேச்சில் சம்மதம் சொல்லும் ‘ஓம்’ என்றால் ‘ஆம்’. வெட்கமாகப் போய்விட்டது. மந்திரத்தை மட்டும் உடனே திருத்துகிறேன் என்றேன். ரீச்சர் பக்கங்களைப் புரட்டி, தான் எழுதிய கட்டுரையில் நின்றார்.

“இஞ்சையும் மாத்திப்போட்டியள், அண்ணை. நான் என்ன கேட்டாலும் அப்பா ‘ஓம் பிள்ளை’ எண்டுதான் சொல்லுவார். ஒருநாளும் ‘ஆம்’ எண்டு கதைச்சதில்லை. உது என்ரை அப்பா இல்லை.”

பட்டியலில் அந்த வரியை அழித்து, முப்பதையும் மூலத்திலிருந்து மறுபடி ஓட்டினேன். மாலை ஐந்து மணிக்கு ரீச்சர் எல்லாவற்றையும் வாசித்துத் தலையசைத்த பிறகுதான் அச்சு தொடங்கியது.

கணினி பழக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, கணினி பிழை காட்டினால் பயப்படாதீர்கள். அது மூன்று தடவை கத்தியபோது நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது வாய் திறக்காமல் ஓடி முடித்த நாலாவது தடவையில்தான் செத்த மனிதரின் வாய்ச்சொல்லை மாற்றியிருந்தேன்.