ரெஜினாவின் குசினிச் சுவர்

அன்று காலை கைத்தொலைபேசியில் ரெஜினாவின் பெயர் விழுந்தது. அட்டைப்படத்தைப் பற்றித்தான் கதைக்கப்போகிறார் என்று நினைத்து, எடுத்தவுடனே, "என்ன, போடுவமோ?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் அவருடைய தங்கை டெல்மா. "அண்ணா, அக்கா போயிட்டா. களுபோவில ஆஸ்பத்திரியில நிக்கிறம்" என்றார். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஓவிய இதழை வாசித்த உங்களுக்கு அவரை ஆசிரியராகத் தெரியும். நான் அவரை முதலில் கண்டது ஒரு கண்காட்சியில். ஓவியத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தார்கள். தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் சத்தமாகச் சிரித்தார். "இதை ஆருக்கு எழுதினவை? எங்களுக்கெண்டா நாங்களே எழுதுவமே" என்றார். வெளியே போய்ப் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் இதழ் தொடங்கிவிட்டது. அச்சகம் எங்கே, எழுதுவது யார் என்பதையெல்லாம் பிறகுதான் யோசித்தோம்.

அலுவலகம் என்று ஒன்று இருந்ததில்லை. அட்டைக்கு ஓர் ஓவியம் வந்தால் இரண்டு பிரதி எடுப்போம். ஒன்று கொட்டாஞ்சேனையில் அவர் குசினிச் சுவரில், மற்றது என் குசினிச் சுவரில். "தாளிக்கிற நேரத்திலயும் கண் அங்க போகுதெண்டா, அது படம்" என்பார். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் தீர்ப்பு. இரண்டு பேரும் ஓம் என்றால்தான் அச்சுக்குப் போகும். பெரும்பாலும் நான் ஓம் என்பேன், அவர் இல்லை என்பார், பிறகு சண்டைதான். நான் தனியாக இருப்பவன். அந்தக் கிழமைகளில் மட்டும் என் குசினியில் இன்னொருவரும் நிற்பதுபோல இருக்கும்.

ஒருமுறை அவர் சுவரில் இருந்த பிரதியே தவறுதலாக அச்சகத்துக்குப் போய்விட்டது. அட்டையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. கிராண்ட்பாஸிலிருந்து ஓவியர் இதழும் கையுமாக வந்தார்.

"இந்தப் புள்ளிய நான் வைக்கேல்லையே."

ரெஜினா அசரவில்லை. "அது மீன்குழம்பு, தம்பி. ஆனா சரியான இடத்தில விழுந்திருக்கு."

ஓவியர் அந்தப் புள்ளியைத் திரும்பப் பார்த்துவிட்டு, "ஓம், சரிதான் என்ன" என்றார். அதன் பிறகு எங்களுக்கு நிறையப் படங்கள் தந்தார்.

இந்த முறை வந்த படத்துக்கு என் பதில் ஓம். அவருடைய பதில் தெரியாமல் அட்டையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதழை இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். அடக்கம் முடிந்து ரெஜினாவின் வீட்டுக்குப் போனபோது படம் இன்னும் அடுப்புக்கு மேலே ஒட்டியபடி இருந்தது.

"அக்கா இதைப் பற்றி ஏதும் சொன்னவவோ?" என்று டெல்மாவிடம் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்ல அண்ணா. பாலை அடுப்பில வச்சிட்டு இதையே பாத்துக்கொண்டு நிண்டவ. பால் முழுக்கப் பொங்கி ஊத்துண்டு போச்சு. நான்தான் ஓடிவந்து அடுப்பை நிப்பாட்டினனான்."

அந்தப் பிரதியை டெல்மாவிடம் கேட்டு வாங்கிவந்தேன். ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். கீழ் ஓரத்தில் பால் பட்டுக் காய்ந்திருக்கிறது. என் குசினியில் இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. அட்டை அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த இதழுக்கும் ஓர் ஓவியம் வந்திருக்கிறது. பழக்கத்தில் இரண்டு பிரதி எடுத்துவிட்டேன்.