நெட்ரா உள்ளே போகவில்லை

நெட்ரா ஆல்ரெட் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். யூட்டாவின் நடுப்பகுதியில் வான்கோழிப் பண்ணைகளை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஏறக்குறைய எல்லோரும் மார்மன் சபைக்காரர்கள். நெட்ராவின் கணவன் ரூலன் மட்டும் பெயருக்குத்தான் சபையில் இருந்தான். காலையில் காப்பி குடிக்காமல் அவனால் வான்கோழிக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. எங்கள் சபையில் காப்பி விலக்கு; குடிக்கிறவனுக்கு ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு கிடைக்காது.

அதனால் அவர்கள் கல்யாணம் நீதிபதி முன்னால்தான் நடந்தது. ஆலயத்தில் கல்யாணம் செய்து முத்திரையிடப்பட்ட தம்பதிகளே சாவுக்குப் பிறகும் சேர்ந்திருப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நெட்ராவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தவறாமல் ஆலயம் போங்கள், உங்கள் வீட்டாரின் மனம் இளகும் என்று மாநாட்டுக்கு மாநாடு சபைத் தலைவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அவள் நம்பினாள். வியாழக்கிழமை தவறாமல் போனாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறவனே ரூலன்தான். உள்ளே அவள் அவனுக்காக வேண்டிக்கொண்டிருப்பாள். வெளியே அவன் வானொலியில் பேஸ்பால் கேட்டபடி காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

அவள் திரும்பி வந்ததும், "என்ன, எனக்குச் சிறகு முளைச்சிருக்கா பாரு" என்பான்.

"வாயை மூடிட்டு வண்டிய எடு."

பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். ரூலன் முன்பும் நல்லவன், பின்பும் நல்லவன். காப்பியை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சபைக் கூடத்தில் பெண்கள் வகுப்பை நெட்ரா நடத்திவந்தாள். ஒருநாள் பாடம், தலைவர் ஒருவர் ஆலய வழிபாட்டைப் பற்றிச் செய்த பிரசங்கம். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஜெனாலியின் கணவன் அப்போதுதான் சபையையும் வீட்டையும் விட்டுப் போயிருந்தான்.

"சிஸ்டர் நெட்ரா, நான் வாராவாரம் ஆலயம் போனா அவர் திரும்பி வந்துடுவாரா?" என்று கேட்டாள்.

வழக்கமான பதிலுக்காக நாங்கள் காத்திருந்தோம்.

"எனக்கு நடக்கலம்மா" என்றாள் நெட்ரா. "நானும் கொஞ்சமாவா போனேன்? நடக்கலைன்னதும், எங்கிட்டதான் ஏதோ குறைன்னு என்னையே திட்டிக்கிட்டேன். இன்னும் உருக்கமா ஜெபம் பண்ணியிருக்கணுமோ, இன்னும் விசுவாசமா இருந்திருக்கணுமோன்னு. நீ அதைச் செய்யாதே. அவன் வர்றதும் வராததும் அவன் இஷ்டம். நீ ஆலயம் போறதுல அது இல்ல."

யாரோ அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப் டெல்மர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயதில் அவளுடைய பேருந்தில் போய்வந்த பையன்தான் அவர். அங்கே நடந்ததை நெட்ராவே என்னிடம் சொன்னாள்.

"தலைவர் கொடுத்த வாக்கு பொய்யின்னு சொன்னீங்களாமே, சிஸ்டர்?"

"பொய்யின்னு சொல்லல. எனக்கு நடக்கலைன்னு சொன்னேன்."

"கர்த்தருக்குன்னு ஒரு நேரம் இருக்கு. இங்க இல்லைன்னா மறு உலகத்துல நடக்கும்."

"அப்போ மேடையில சொல்றப்பவே அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க, பிஷப். நடந்தா வாக்கு பலிச்சுது, நடக்கலைன்னா எங்க விசுவாசம் பத்தல. இது என்ன நியாயம்?"

டெல்மருக்குக் குரலை உயர்த்த மனம் வரவில்லை. ஆனால் வகுப்பை அவளிடமிருந்து எடுத்து, மழலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்.

"குழந்தைங்க கேள்வி கேட்டா பிஸ்கட் குடுத்துச் சமாளிச்சுடலாம்" என்று சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் வறண்டுதான் இருந்தது.

அந்த வசந்தத்தில் மகள் மார்லிஸுக்கு ஆலயத்தில் கல்யாணம். அனுமதிச் சீட்டு இல்லாத அப்பா வெளியே காத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் இது புதிதல்ல. நான் நெட்ராவோடு வாசல்வரை போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு புல்வெளியில் நின்ற ரூலன், கழுத்துப்பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நீங்க போங்க. நான் அவரோட இருக்கேன்" என்றாள்.

"அம்மா! இன்னிக்குத்தானா இதைப் பண்ணணும்?" மார்லிஸின் குரல் உடைந்தது.

"அவரும்தான்டி உன்னை வளர்த்தாரு. தனியா நிக்க வேண்டாம்."

"உள்ள போ நெட்ரா" என்று ரூலன் அங்கிருந்தே கத்தினான். "எனக்கு இது பழகிப்போச்சு!"

"எனக்குப் பழகல" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

உள்ளே அம்மாவுக்கென்று வைத்திருந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். மார்லிஸ் என் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் பல மாதம் மார்லிஸ் அம்மாவோடு தொலைபேசியில்கூடப் பேசவில்லை. முதல் குழந்தை பிறந்தபோது அப்பாவைத்தான் கூப்பிட்டாள். ரூலன் தொலைபேசியை நெட்ராவின் கையில் கொடுத்துவிட்டான்.

"நீ அன்னிக்குப் பண்ணினது இன்னும் வலிக்குதும்மா."

"தெரியும். எனக்கும் வலிக்குது. ஆனா மறுபடி அப்படித்தான் செய்வேன்."

அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. இப்போது மார்லிஸ் விடுமுறைக்கு வந்துபோகிறாள். ஜெனாலியின் கணவன் திரும்பவில்லை. அவள் நர்ஸ் படிப்பு படிக்கிறாள், குழந்தையைப் பகலில் நெட்ரா பார்த்துக்கொள்கிறாள். நெட்ரா இப்போதெல்லாம் ஆலயத்துக்கு எப்போதாவதுதான் போகிறாள். போய் என்ன கேட்பாய் என்று ஒருமுறை விசாரித்தேன்.

"ஒண்ணும் கேக்கிறதில்ல. அங்க அமைதியா இருக்கு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்" என்றாள்.