ஒண்ணரைக்கண்ணுவின் வாத்தியார்

வரலாற்று வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு வரிசை என்று ஒன்றில் நின்றதே இல்லை. வங்கியோ தபால் நிலையமோ, நேரே உள்ளே போவார். "அவன் நம்ம பையன்" என்பார். நம்ம பையனுக்கு வழுக்கை விழுந்து, கீழே பத்துப் பேர் வேலை பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பேர் காதிலும் விழும்படி, "டேய் மூட்டை, இங்கயும் தூங்கித்தான் வழியறியா?" என்று கேட்டால்தான் வாத்தியாருக்குத் தின்ற சோறு செரிக்கும்.

மூட்டை எழுந்து நின்று பல்லைக் காட்டும். வேலையும் நடக்கும். பாசத்தால் அல்ல, ஆளைச் சீக்கிரம் கிளப்பிவிடத்தான். கூடவே போகும் மனைவிக்கு அது நன்றாகத் தெரியும். இவர் தலை வாசலில் தெரிந்ததும் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! "பார்த்தியா, என்ன மரியாதை!" என்று இவர் மீசையைத் தடவுவார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருக்கும் அவளுக்கு.

அவளுக்கு இடக்கண் பார்வை எப்போதோ போய்விட்டது. இப்போது வலக்கண்ணிலும் புரை முற்றி, ஆபரேஷன் என்று முடிவானது. டாக்டர் யாரென்று தெரிந்ததும் வாத்தியார் துள்ளிக் குதித்தார்.

"அட, ஒண்ணரைக்கண்ணு! நான் வச்ச பேருடி அது. போர்டைப் பார்த்து எழுதுடான்னா கண்ணை இடுக்கிக்கிட்டு பக்கத்துல இருக்கறவனைப் பார்த்துக் காப்பியடிப்பான். மூணு வருஷமும் பெஞ்சு மேலதான் நின்னான்."

"ஏங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். அங்க வந்து வாயைத் திறக்காதீங்க. எனக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு கண்ணு. கத்தி அவர் கையில இருக்கு."

"உனக்கு என்னடி தெரியும்? வாத்தியார் சம்சாரம்னா தனியாக் கவனிப்பான்."

நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே நர்சுகளும் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் நின்றார்கள்.

"டேய் ஒண்ணரைக்கண்ணு! நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்!"

டாக்டர் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"குரல் ஞாபகம் இருக்கு சார். முகத்தை இப்பத்தான் பார்க்கறேன். கடைசி பெஞ்சுலேருந்து நீங்க வெள்ளையா ஒரு உருவம், அவ்வளவுதான். எட்டாவது முடிஞ்சு அந்த ஸ்கூலை விடற அன்னிக்கு பி.டி. மாஸ்டர் போட்ட பந்தை மூக்குல வாங்கினேன். அன்னிக்கே என்னைக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி போட வச்சார். இன்னிக்கும் அவரைப் போய்ப் பார்க்காம எனக்கு மாசம் போகாது." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "வெளியே உக்காருங்க சார். நம்பர் வந்ததும் அம்மாவைக் கூப்பிடுவாங்க."

பி.டி. மாஸ்டரை வாத்தியார் ஆயுசு முழுக்க 'விசிலூதி' என்றுதான் சொல்வார். படிப்பு வராதவனுக்குத்தான் அந்த உத்தியோகம் என்பார். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, "பெரிய இவன்!" என்று முணுமுணுத்தார். அவள் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவமானத்தில் பாதி, பயத்தில் பாதி.

அந்தப் பயம் வீண். டாக்டர் அவளைத் தன் தாய்போலத்தான் கவனித்தார். ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்ததும் ஜன்னல் கம்பி பளிச்சென்று தெரிந்தது. அவள் கண் நிறைந்தது. அதே நேரம் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் வாத்தியார் அளந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் நம்ம பையன்மா. தட்டித் தட்டி ஆளாக்கினதே நான்தான்."

அவள் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். புரை மறைத்திருந்ததெல்லாம் தெரிந்தது. வெட்கம் மட்டும் அதில் எங்கும் இல்லை.

"நம்பாதேம்மா" என்றாள், வார்டே கேட்க. "பையனுக்குப் பார்வை சரியில்லைன்னு கூடத் தெரியாம மூணு வருஷம் நிக்க வச்ச மனுஷன் இவர். ஆளாக்கினது இன்னொருத்தர்."

வாத்தியார் மீசைக்குப் போன கையைக் கீழே இறக்கிவிட்டு நின்றார்.

"என்ன நிக்கறீங்க? அந்த விசிலூதி வீடு எங்கேன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, நான் போய்ப் பார்க்கணும். வரிசையில நின்னு கேளுங்க."