ரூத்துக்கு ஒரு பிடி மண்

நேற்று ஒரு கல்யாணத்தில், நீ போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று பைபிளில் ரூத் சொன்னதைப் போதகர் மணப்பெண்ணுக்காக வாசித்தார். ரூத் அதைச் சொன்னது புருஷனிடம் இல்லை, நகோமி என்கிற பெண்ணிடம். மல்லிகை வாசனையோடு கவரைப்பேட்டை வீடு எனக்குள் மிதந்து வந்தது.

அறுபதுகளில் அங்கே ரோஸி பெரியம்மாவும் ஸ்டெல்லா டீச்சரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். ரயில் போனால் சுவரில் வசன அட்டை மெல்ல ஆடும். சாயங்காலம் ஒரே சரத்தை இரண்டாகக் கிள்ளி, ஒருவர் கொண்டையில் ஒருவர் வைத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு முனியம்மா ஒருநாள் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இன்னா உறவும்மா?"

"நான் ரூத்து, அவ நகோமி," என்றார் பெரியம்மா.

ரூத்தும் நகோமியும் யாரென்று முனியம்மா சர்ச்சில் விசாரித்துவிட்டு வந்து தெருவெல்லாம் சொன்னாள். "மாமியாரு மருமவளாம்!" டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

டீச்சரை அடக்கம் செய்த அன்று அவருடைய அண்ணன், "சொந்தக்காரங்க மட்டும் மண்ணு போடுங்க," என்றார். பெரியம்மா பின்னாலேயே நின்றுவிட்டார். முனியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வழி உடுங்கய்யா, மருமவ நின்னுகினு கீறாங்க!"

கூட்டம் விலகியது; பெரியம்மா குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.

நேற்று எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்து ஆமென் சொன்னார்கள். நான் பெரியம்மாவுக்குச் சொன்னேன்.