டி-டைமரை நம்பினேன்

திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக்காரர்களுக்கு மழைக்காலம்தான் முழுப்பரீட்சை லீவு. சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டதும் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வேலை நின்றது. வண்டியை அங்கேயே ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்திவிட்டு ஊருக்கு ரயிலேறினேன். என்னோடு டிக்கெட் எடுக்காமல் ஒரு காய்ச்சலும் ஏறிக்கொண்டது.

வண்டியில் நான் மேனேஜர். மற்றவர்கள் பாறையோடு மல்லுக்கட்டும்போது, தள்ளி நின்று "எத்தனை அடி ஆச்சு?" என்று கேட்கிற வேலை. கொசுவுக்கு இப்படிச் சும்மா நிற்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். கடித்ததில் ஆச்சரியமில்லை.

வீட்டுக்கு வந்தும் காய்ச்சல் விடவில்லை. குளிர் வந்தால் கட்டில், கம்ப்ரசர் ஓடுகிற மாதிரி அதிரும். நான் மருத்துவம் தெரிந்தவன் ஆயிற்றே. "வடக்கத்தி வெயில் சூடு, எண்ணெய் வெச்சுக் குளிச்சாச் சரியாப் போயிரும்" என்று சொல்லி நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சூடு தணிவதற்குப் பதிலாக, போர்வை மூன்றானது.

எச்சில் சிவப்பாக வந்தது அதற்குப் பிறகுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எச்சில் சிவப்பாக இல்லாவிட்டால்தான் வீட்டில் கவலைப்படுவார்கள். பரமத்தி வேலூர் வெற்றிலை இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. சத்தீஸ்கருக்கே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோன ஆள் நான். ஆனால் காய்ச்சலில் வாய் கசந்து, வெற்றிலையைத் தொடாமலே கிடந்த ஒரு காலையில் வாஷ்பேசின் சிவந்திருந்ததை என் மனைவி பார்த்தாள்.

"ஏனுங்க, வெத்தல போட்டீங்களா?"

"இல்ல புள்ள."

"அப்பறம் இதென்னுங்க?"

அரை மணி நேரத்தில் டாக்ஸி வந்தது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன்.

மலேரியா என்று ரத்தத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். பிரச்சினை, ரத்தம் எடுத்த இடம். பஞ்சு வைத்து அழுத்தினால் நிற்க வேண்டிய ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் வேறு வேலைக்குப் போக, என் மனைவி பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்துப் பார்ப்பாள். நனைந்திருக்கும். புதுப் பஞ்சு வைப்பாள். மறுபடி எடுத்துப் பார்ப்பாள்.

டாக்டரம்மா வந்து பொறுமையாக விளக்கினார்.

"இந்தக் கிருமி ரத்த அணுக்குள்ள போய் உக்காந்துக்கும்மா. அதனால மெல்லிசான ரத்தக் குழாய்ல அங்கங்க ரத்தம் உறைஞ்சு கட்டி கட்டியாகுது. அந்தக் கட்டியை உடம்பே கரைக்கப் பாக்கும். கரைஞ்ச துணுக்குக்குத்தான் டி-டைமர்னு பேரு. இவருக்கு அது ஏகப்பட்டது இருக்கு. உறையறதுக்கு வேண்டிய சரக்கெல்லாம் உள்ளயே செலவாகிடுது, பிளேட்லெட்டும் எறங்கிடுச்சு. அதான் வெளிய குத்தின எடத்துல நிக்க மாட்டேங்குது."

"அப்ப இவருக்கு ரத்தம் ஒறையுதுங்களா, ஒறையலீங்களா?"

"ரெண்டும்தாம்மா."

என் மனைவியின் முகம் அப்படி வெளுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கோ அந்தக் காய்ச்சலிலும் விஷயம் சட்டென்று பிடிபட்டது. போர் போடும்போது பூமிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. குழிக்கு வெளியே வந்து விழுகிற தூளை வைத்துத்தான் உள்ளே எந்தப் பாறை உடைகிறது என்று சொல்வோம். டி-டைமர், அந்தத் தூள். இதை டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்து ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிட்டார்.

உள்ளே எனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே வராண்டாவில் இன்னொரு காரியம் நடந்திருக்கிறது. காய்ச்சல் இறங்கி, வார்டுக்கு மாற்றிய பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

"ஆத்தாளுக்கு நேந்திருக்கறனுங்க," என்றாள் மனைவி. ஆத்தாள் என்றால் அவளுடைய பிறந்த ஊரான அயோத்தியாப்பட்டணத்து மாரியம்மன்.

"நல்லது. என்னன்னு?"

"ஆடித் திருவிழாவுக்கு அலகு குத்தறதா."

"நீயா புள்ள?"

"நீங்க."

ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தடுப்பூசி போட வந்தவர்களைக் கண்டு கரும்புக்காட்டுக்குள் ஓடியவன். கன்னத்தில் வேல் என்றதும், விட்டிருந்த குளிர் திரும்பி வந்தது.

"ஏம்புள்ள, நேந்துக்கறவ உனக்கு நேந்துக்கக் கூடாதா? பூவோடு, தீச்சட்டி ஏதாச்சும் எடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதில்ல?"

"பொழைக்க வேண்டிய உசுரு யாருதுங்க?"

"என்னுது."

"அப்பக் கன்னமும் உங்களுதுதானுங்க."

போதாக்குறைக்கு என் மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வருஷா வருஷம் அலகு குத்துகிறவர். ஒருமுறை முதுகில் கொக்கி மாட்டி கிரேனில் தொங்கியபடி ஊர்வலம் வந்து, கீழே நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்தவர். இத்தனை வருஷமாக அவருக்குத் துணை இல்லை என்ற குறை இருந்தது. மருமகனுக்கு மோதிரம் எடுக்கிற மாமனார் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மாப்ள, ஆறடி வேல். வெள்ளிப் பூண் நம்ம பட்டறையிலயே போட்டுக்கலாம். அசையாம இருங்க, அளவெடுத்துக்கறேன்."

பையிலிருந்து நூலை எடுத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் பிடித்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வேலுக்கு அளவுங்க சிஸ்டர்."

விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போனது. அவர் வந்து போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரத்தம் உறையற டெஸ்ட் எல்லாம் நார்மல் ஆகற வரைக்கும் இவர் மேல ஒரு குண்டூசி படக் கூடாது!"

அந்த அம்மாள் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து டி-டைமர்தான் எனக்குக் குலதெய்வம். அது இறங்காமல் இருக்கும் வரை என் கன்னம் என் கன்னம். தினமும் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் துரோகி, மருந்து ஏறியதும் குடுகுடுவென்று மேலே ஏறிவிட்டது. டி-டைமர் மட்டும் எனக்காக நின்று போராடியது.

"டி-டைமர் எப்படிங்க டாக்டர்?"

"இன்னும் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு."

"ரொம்ப சந்தோசமுங்க."

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மண்டைக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறதா என்று அவர் நர்ஸிடம் கேட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

மனைவி மட்டும் பஞ்சை விடுவதாக இல்லை. ரத்தம் எடுத்த இடத்தை நர்ஸ் வந்து, "விடுங்கம்மா, அப்பவே நின்னுருச்சு" என்று சொன்னாலும் அழுத்திக்கொண்டே இருப்பாள். "வெளிய நின்ன மாதிரி இருக்குமுங்க சிஸ்டர். உள்ள என்ன பண்ணுதோ." ரெண்டும்தான் என்று டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தோம். ஊரெங்கும் ஆடித் திருவிழாப் பாட்டு. நான் தப்பிக்க வழி தேடினேன். கடையில் தகட்டில் செய்த கை, கால், கண் எல்லாம் காணிக்கைக்கு விற்கிறார்களே, அதில் ஒரு முகம் வாங்கி உண்டியலில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னேன்.

"நாங் கேட்டது உங்க உசுர. அவ அதையே குடுத்தா. பதிலுக்குத் தகரமுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கும் ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபோதுதான் தலையணையைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் தலையணை உறை எல்லாம் பூப்போட்டது, அழுக்குத் தெரியாது. இப்போது வெள்ளை. விரிப்பும் வெள்ளை. துண்டு வெள்ளை.

"இதென்ன புள்ள, ஆஸ்பத்திரியத் தூக்கிட்டு வந்துட்டயா?"

அவள் சிரிக்கவில்லை. "செவப்பு பட்டாத் தெரியோணுமில்லைங்க," என்றாள்.

தினமும் காலையில் நான் எழுந்ததும் அவள் ஓடிவந்து தலையணையைத் தட்டிப் போடுவதை, என் மேல் உள்ள அக்கறை என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தட்டிப் போடவில்லை, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தயார் பண்ணி வைத்திருந்த பதிலை முழுங்கிவிட்டேன்.

அலகுக்கு முந்தின வாரம் மறுபடி டெஸ்ட். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் நார்மல். டி-டைமரும் எறங்கிடுச்சு."

"வேற யாரோட ரத்தமாவது மாறியிருக்கப் போகுதுங்க."

"உங்களுதுதான். அலகு குத்துங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், உடம்புல ரத்தம் இன்னும் கம்மி. அதுக்காக உறையறதுல கோளாறுன்னு பொய்யும் சொல்ல மாட்டேன்."

என் மனைவி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நம்பின முகமாகத் தெரியவில்லை.

"சின்ன வேலாப் போதுங்க," என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, புது வேல், கொதித்த தண்ணீர் என்று ஏழெட்டு நிபந்தனை போட்டார்.

ஆறடி வேல் விரல் நீளம் ஆனது. ஒரு கன்னத்தில் குத்தி, வாய் வழியாக எடுக்கிற வேல். மச்சானின் முகமும் அதற்குத் தக்கபடி சுருங்கியது. "இதக் குத்தறதுக்கு ஊறுகாய்க்கு நெல்லிக்கா குத்தலாம்," என்றார்.

திருவிழா அன்று மஞ்சள் வேட்டி, ஈரத்தலையோடு நின்றேன். பம்பை முழங்கியது. சுற்றிலும் எல்லோருக்கும் அருள் வந்து ஆடினார்கள். எனக்குத் தொடை மட்டும் ஆடியது, பயத்தில்.

"அருள் வந்துருச்சா மாப்ள?"

"இன்னும் ஊட்ட விட்டே கெளம்பலீங்க மச்சான்."

"ஆயரம் அடி பாறையில ஓட்ட போடற ஆளு. அரை இஞ்சு தோலுக்கு இந்த ஆட்டமா?"

"பாறை கத்தாதுங்க."

நான் பேசி முடிப்பதற்குள் அலகு குத்துகிற பெரியவர் என் கன்னத்தைக் கிள்ளி இழுத்தார். வலித்தது. பக்திமான்களுக்கு வலிக்காது என்கிறார்கள். எனக்கு நன்றாக வலித்தது.

அடுத்து யாரோ, "ரத்தம்!" என்றார்கள்.

அலகு குத்தினால் ரத்தம் வரக் கூடாது. வந்தால் விரதம் சரியில்லை என்று அர்த்தம். மச்சான் கண்ணை உருட்டினார்.

"என்னத்தத் தின்னீங்க மாப்ள? முட்டையா? நாமக்கல் முட்டப் புத்தி விடுமா?"

ஆஸ்பத்திரித் தட்டில் வைத்த முட்டை விரதத்துக்கு முந்தியது, அது கணக்கில் வராது என்று வாதாடியிருப்பேன். வாயில் வேல். நாக்கை அசைக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்ட ஒரே ஏச்சு அது.

பெரியவர் திருநீற்றை அள்ளிக் கன்னத்தில் அப்ப வந்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"வெக்காதீங்க சாமி. ஒரு நிமிசம்."

எனக்கு எதிரே வந்து நின்றாள். பஞ்சு இல்லை, துணி இல்லை, கையும் வைக்கவில்லை. என் கன்னத்தையே பார்த்தாள். பம்பைக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கன்னத்தில் சூடாக ஒன்று ஊர்வது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச தூரம் வந்தது. பிறகு தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது.

"நின்னுருச்சு," என்றாள்.

"வரவே கூடாதும்மா அது!" என்று கத்தினார் மச்சான்.

"வந்து நின்னுருச்சில்ல அண்ணா? பாரு, தானா நின்னுருச்சு. கருத்துக்கூடப் போச்சு பாரு."

கூட்டத்தில் ஒருத்தியாக நின்று அழுதாள். அருள் வந்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் அவளுக்கு வேப்பிலை அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் நான் எழுந்தபோது தலையணையைப் பார்க்க யாரும் ஓடி வரவில்லை. வெள்ளை உறைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிலில் பழைய பூப்போட்ட உறை. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"முட்ட வெந்துருச்சுங்க. எந்தப் பக்கம் மெல்லுவீங்க?"